கடலுக்குப் போகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையை முன்னிட்டு உங்கள் ஞாயிறு மலரில் போர்ட்டிக்சன் கடற்கரைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தங்கும் விடுதிகள், கடல் உணவுக் கடைகள், படங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் எந்தக் கடற்கரைக்கு, யாரைக் கூட்டிக்கொண்டு, எந்த நேரத்தில் போகலாம் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

சிலியாவில் இருக்கும் எங்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். கோயில் இளைஞர் பிரிவு, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கல்யாணத்துக்கு வந்த உறவுக் கூட்டம் என்று யார் கிளம்பினாலும் பஸ் நேராகத் தெலுக் கெமாங்கில்தான் போய் நிற்கும். ஏன் அங்கே என்று கேட்டால், "எல்லாரும் அங்கதான டீச்சர் போறாங்க" என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் பதறுகிறது.

தெலுக் கெமாங்கைக் குறை சொல்லவில்லை. கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. விடுமுறை நாட்களில் பொதுத் தற்காப்புப் படையின் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். நீந்தத் தெரியாத கூட்டத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே நாட்களில்தான் நெரிசலும், வாழைப்பழப் படகும், ஜெட் ஸ்கீயும். தோட்டத்திலிருந்து தாமான் குடியிருப்புகளுக்கு மாறிய நம் குடும்பங்களில் பெற்றோருக்கே பெரும்பாலும் நீச்சல் தெரியாது. அவர்களில் ஒருவர் கரையில் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நான்கு பிள்ளைகளையும் அந்தக் கூட்டத்தில் கண்ணால் தேட வேண்டும். வாண்டுகளும் பாட்டியும் இருக்கும் குடும்பத்துக்கு, டவுனுக்குப் பக்கத்திலேயே உள்ள சவுஜானா கடற்கரை மேல் என்பது என் கருத்து. மரநிழல் உண்டு, கரை நீளம், முட்டி வலிக்காரர்கள் வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை. அமைதிதான் வேண்டும் என்றால் தெற்கே பாசிர் பாஞ்சாங் வரை போகலாம். ஆனால் அங்கே ஆள் குறைவு. ஆபத்து என்றால் ஓடி வரவும் ஆள் குறைவு.

எந்தக் கரையாக இருந்தாலும் அதன் குணம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரம், கொஞ்சம் கூடுதலாக. மறுநாள் இதெல்லாம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி நடக்கும். சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கரை நிறையத் தண்ணீர் இருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே 10 மணிக்குத் தண்ணீர் எங்கோ தள்ளிக் கிடக்கும். போன மாதம் போய் வந்த அனுபவத்தை வைத்து இந்த மாதம் கிளம்ப முடியாது.

அதிலும் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேரத்தில் நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே ஏறக்குறைய பாதித் தண்ணீர் வந்துவிடும். நண்டு பிடிக்க வற்றிய தரையில் வெகுதூரம் போன பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் உள்ள பள்ளங்கள் நிரம்பிவிடுவது இப்படித்தான். இறங்கும் நீரில் வேறு ஆபத்து. ரப்பர் டியூபிலும் மிதவையிலும் கிடக்கும் பிள்ளை சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். கரையிலிருந்து காற்றும் சேர்ந்து தள்ளினால் பெரியவர்கள் எட்டிப் பிடிக்க முடியாது. நீர் நிறைந்து வரும் கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்தில் இடுப்பளவுக்குள் குளிக்க வைத்து, இறங்கத் தொடங்கியதும் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவது நல்லது.

இந்த ஏற்ற இறக்கம் எந்த நாளில் பெரிது, எந்த நாளில் சிறிது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அதையடுத்த ஓரிரு நாட்களிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் நீர் மிக உயரமாக ஏறி மிகக் கீழே வற்றும், ஓட்டமும் வலுவாக இருக்கும். அரைநிலா நாளில், அதாவது அஷ்டமியை ஒட்டி, அந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நல்ல காரியம் தொடங்க அஷ்டமி, நவமியைத் தவிர்க்கிறோம். ஆனால் சின்னப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக மாதத்தில் சாந்தமான நாட்கள் அவைதான். தெலுக் கெமாங்கிலேயே நோன்புக்கும் ஹரி ராயாவுக்கும் பிறை பார்க்கும் பைத்துல் ஹிலால் கட்டடம் நிற்கிறது. மலாய்க்காரர்கள் நிலாவைப் பார்க்க வரும் அதே கரைக்கு நாமும் நிலாவைக் கணக்கில் வைத்துப் போகலாமே.

சிலாங்கூரில் பந்திங், கேரித் தீவு பக்கத்து மக்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அருகில் உள்ளது மோரிப். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கடலில் ஏற்ற இறக்கம் போர்ட்டிக்சனைவிட அதிகம், தரையும் சேறு. 1945 செப்டம்பர் 9 அன்று, ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் அங்கே இறங்கியபோது வாகனங்கள் சேற்றில் புதைந்து நின்றன. அத்தனை திட்டம் போட்டு வந்த படைக்கே அந்த நிலை. மோரிப்பில் வற்று நேரம் பட்டம் விடவும் காற்று வாங்கவும் அருமையானது. குளிக்க வேண்டும் என்றால் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

மறுபடி போர்ட்டிக்சனுக்கு வந்தால், அங்குள்ள புளூ லகூன் கடற்கரை பற்றி ஒரு வார்த்தை. படங்களில் அழகாகத் தெரிவதால் இளைஞர்கள் அங்கே போகிறார்கள். அங்கே பாறையும் பவளமும் உண்டு. நீர் வற்றும்போது காலைக் கிழிக்கும். பக்கத்தில் இருக்கும் தஞ்சோங் துவான் காட்டுக்குப் பெரிய பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போவது எனக்குப் பிடித்தது. நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்த முனை மலாக்காவுக்குச் சொந்தம். உச்சியில் பழைய கலங்கரை விளக்கம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் தேன் பருந்துகள் கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேல் வரும். கடலில் இறங்காமலேயே பிள்ளைகள் மகிழ்ந்து திரும்ப இந்த ஓர் இடம் போதும்.

டிசம்பரில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது நம் பக்கத்துக் கடல்தான் சரி. மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும் என்பதால், அந்த மாதங்களில் முதல் நாள் இரவே வானிலை அறிக்கை பார்த்துவிட வேண்டும்.

சுற்றுலா ஏற்பாடு செய்பவர்கள் பஸ்ஸை முதலில் பேசிவிட்டு, காலை 8 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குத் தண்ணீரில் இறங்குவது என்று முடிவு செய்கிறார்கள். அன்றைக்குக் கடல் எப்படி இருந்தாலும் அதுதான் நேரம். தயவுசெய்து முதலில் தேதியையும் நீர் நேரத்தையும் பாருங்கள், அப்புறம் கரையை முடிவு செய்யுங்கள், பஸ்ஸைக் கடைசியில் பேசுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அரச மலேசியக் கடற்படையின் கடல் அளவை மையம் ஒவ்வோர் ஆண்டும் நீர் ஏற்ற இறக்க அட்டவணை வெளியிடுகிறது. உங்கள் நாளிதழில் தினமும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் போடுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் பார்ப்பதே அந்தக் கட்டத்தைத்தான். பள்ளி விடுமுறை நாட்களிலாவது அதே கட்டத்துக்குக் கீழே போர்ட்டிக்சன், மோரிப், லுமுட் மூன்று இடங்களுக்கும் அன்றைய நீர் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் இரண்டு வரியில் அச்சிடுங்கள். வரும் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே தொடங்கினால், சனிக்கிழமை கிளம்பும் குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சிலியாவ், நெகிரி செம்பிலான்