அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு: அந்தக் கூட்டத்துக்குப் போங்கள்

தம்பிகளே, தங்கைகளே,

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர்கள் வந்து பேசும் கூட்டங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். போன பிப்ரவரியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பெரியவரைப் பேச அழைத்திருந்தார்கள். 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வீடு வீடாக நடந்தவர். அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம், நம் பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. தீபாவளிக்கு அதே அரங்கில் நிற்க இடமில்லை. சரி, அதைக் குறை சொல்லவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன என்பீர்கள். 1965 வரை இந்தியாவிலிருந்து இங்கே குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் ஒதுக்கீடு. அந்த ஆண்டு ஆகஸ்டில் கறுப்பின மக்களுக்கான வாக்குரிமைச் சட்டத்திலும் அக்டோபரில் புதிய குடியேற்றச் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர் ஒரே ஜனாதிபதி, ஜான்சன்தான். முதல் சட்டத்துக்காக அடி வாங்கியவர்கள் இல்லையென்றால் இரண்டாவது வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்போது போராடிய பலருக்கும் உங்கள் வயதுதான். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ ஊரின் வூல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடத்தில் காபி கேட்டு, கொடுக்காதபோதும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த கறுப்பின இளைஞர்கள் நால்வரும் முதலாண்டு மாணவர்கள். இரண்டு மாதம் கழித்து ராலே நகரில் இப்படிப் போராடிய மாணவர்களைக் கூட்டிய எல்லா பேக்கர் (Ella Baker) என்ற போராளிக்கு வயது 56. பெரிய அமைப்புகளுக்கு வாலாக இருக்க வேண்டாம், உங்கள் வழியை நீங்களே முடிவு செய்யுங்கள் என்பதுதான் அந்த அம்மா நிலை. அப்படிப் பிறந்ததுதான் 'ஸ்னிக்' என்ற மாணவர் அமைப்பு.

அன்றைய கூட்டத்தில் ஒரு பையன், மார்ட்டின் லூதர் கிங்கை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்புறம் ஒரு பெண், கதவைத் தட்டியதும் முதலில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டாள் பாருங்கள், மனிதர் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படிக்கு ஒரு படி கீழே நிற்பதுபோல நின்று காட்டினார். முதல் நாள் படிவத்தை வெளியே எடுக்கவே கூடாதாம். பருத்தி எப்படி, பிள்ளைகள் எப்படி, அவ்வளவுதான்.

ஏனென்றால் அந்த வாக்காளர் பதிவுப் படிவம் வெறும் காகிதம் இல்லை. மாநில அரசியல் சட்டத்தில் அதிகாரி காட்டும் பிரிவுக்கு அவர் மனம் ஒப்பும்படி விளக்கம் எழுத வேண்டும். 1962 ஆகஸ்ட் 31 அன்று மிசிசிப்பிப் பண்ணைத் தொழிலாளியான ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மாவும் இன்னும் 17 பேரும் அங்கேயே இந்தியனோலா என்ற ஊருக்குப் பதிவு செய்யப் போய்த் திரும்பும்போது, பேருந்தின் மஞ்சள் நிறம் ரொம்ப அதிகம் என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டார்கள். சிரிப்பு வருகிறது இல்லையா? வீடு திரும்பியதும், 18 வருடம் உழைத்த பண்ணையிலிருந்து அந்த அம்மாவை அன்றைக்கே வெளியேற்றினார்கள். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துகொண்டே ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, வாருங்கள் போகலாம் என்று எப்படிச் சொல்வது? இதைத்தான் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்க ஆளும் குறைந்துகொண்டே வருகிறது: அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் பாப் மோசஸ் 2021இல் இறந்துவிட்டார், ஜேம்ஸ் லாசன் 2024இல்.

இந்த மாதக் கடைசியில் இன்னொரு அம்மா வருகிறார். முன்வரிசையில் உட்காருங்கள், பின்னாலிருந்து கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

அன்புடன்,
நூலகத்து அக்கா