பொருள்: சோடியம் இல்லாத கேத்தோடு பவுடரை அனுப்பிவிட்டு அலைக்கழிப்பது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சோடியம் அயனி பேட்டரியின் கேத்தோடு (நேர்மின்முனை) செய்ய உங்களிடம் வாங்கிய சோடியம் நிக்கல் ஹெக்சாசயனோஃபெரேட் பவுடர் பற்றி மெயிலிலும் போனிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ எடுக்கிறார்கள், முதலிலிருந்து கதை கேட்கிறார்கள், புது டிக்கெட் எண் தருகிறார்கள், "டெக்னிக்கல் டீம்ல இருந்து கூப்பிடுவாங்க" என்கிறார்கள். இன்றுவரை ஒருவரும் கூப்பிடவில்லை. வேறு வழியில்லாமல்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

டப்பாவைத் திறந்தவுடனேயே எனக்குத் திக்கென்றது. இதற்கு முன் வந்த லாட் வெளிர் பச்சை. இது மஞ்சள் கலந்த பழுப்பு. இந்த நிறம் என்ன சொல்கிறது என்று தயாரிக்கிற உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபெரோசயனைடு போட்டு வீழ்படிவாக்க வேண்டியதை ஃபெரிசயனைடு போட்டுச் செய்திருக்கிறீர்கள். அதில் இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, அதனால் படிகக் கூட்டுக்குள் இருக்க வேண்டிய சோடியத்தைக் காணோம். லேபிளில் மட்டும் "சோடியம் நிறைந்தது, நீர் எலக்ட்ரோலைட் பேட்டரிக்கு உகந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

நிறத்தை வைத்து மட்டும் சண்டைக்கு வரவில்லை. 1 மோலார் சோடியம் சல்பேட் கரைசலில் மூன்று மின்முனை வைத்துச் சோதித்தேன். முதல் சார்ஜில், அதாவது பவுடரிலிருந்து சோடியம் வெளியே வரும்போது, கிராமுக்கு 60 மில்லியாம்பியர் மணி பக்கத்தில் வர வேண்டும். 20கூட வரவில்லை. அடுத்து டிஸ்சார்ஜ் செய்தால், அதாவது கரைசலிலிருந்து சோடியம் உள்ளே போகும்போது, ஏறக்குறைய 60 வருகிறது. கூடு நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே சரக்குதான் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கிராஃப்களை எல்லா டிக்கெட்டிலும் இணைத்திருக்கிறேன். யாராவது திறந்து பார்த்தார்களா?

அந்த கிராஃபைப் பற்றிப் பேசியபோதுதான் உங்கள் சேவை மையத்து நபர் ஒருவர் சொன்னார்: "ரெண்டாவது சைக்கிள்ல 60 வருதில்ல மேடம், அப்புறம் என்ன பிரச்சினை? சோடியம்தான் கரைசல்லயே இருக்கே." காலிக் குடத்தை விற்றுவிட்டு, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே, மொண்டுகொள் என்பது என்ன நியாயம்? நான் செய்வது முழு செல், அதாவது இரண்டு மின்முனைகளையும் சேர்த்த பேட்டரி. எதிர்ப்பக்கம் சோடியம் டைட்டானியம் பாஸ்பேட். அது சோடியத்தை வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருக்கிறது, கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியது கேத்தோடு. அதுவும் கையை விரித்தால் அந்த செல்லை எப்படி சார்ஜ் செய்வது? அடுக்கடுக்காகச் செய்து வைத்த செல்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. டைட்டானியம் பாஸ்பேட் மின்முனைகளும் கூடவே போயின. என் ஆராய்ச்சியே மண்ணாய்ப் போய்விட்டது ஐயா. ஆய்வேடு தள்ளிப்போகிறது, உதவித்தொகை முடியப் போகிறது, இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

அதே நபர் அதோடு விடவில்லை. "தண்ணியிலயா பேட்டரி செய்யறீங்க? தண்ணி பட்டா பேட்டரி மெட்டீரியல் கெட்டுத்தான் போகும்" என்றார். உங்கள் லேபிளில் நீங்களே அச்சடித்த வாசகத்தைப் படித்துக் காட்டினேன். 2011லேயே இதே குடும்பத்தைச் சேர்ந்த காப்பர் ஹெக்சாசயனோஃபெரேட்டை நீர்க்கரைசலில், பொட்டாசியம் அயனியோடு, 40,000 சுழற்சி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "உங்களுக்கு டெஸ்ட் பண்ணத் தெரியலன்னு நினைக்கிறேன், உங்க ப்ரொஃபசரைப் பேசச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பெயர் கேட்டதற்கும் பதில் இல்லை. பணம் கொடுத்து வாங்கியவளிடம் பேசுகிற பேச்சா இது? உங்கள் அழைப்புப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

நேரில் சாம்பிளோடு வரச் சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். வேலையை விட்டுவிட்டு வந்தேன். ரிசப்ஷனில் மதியம்வரை உட்கார வைத்துவிட்டு, "திறந்த டப்பாவை வாங்க மாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். திறக்காமல் உள்ளே சோடியம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே!

சான்றிதழ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். டப்பாவில் ஒரு லாட் எண், நீங்கள் அனுப்பிய பகுப்பாய்வுச் சான்றிதழில் வேறொரு லாட் எண். அதைச் சுட்டிக்காட்டியதும் ஒரு எக்ஸ்ஆர்டி படத்தை (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) அனுப்பி "பீக் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதினார்கள். சோடியம் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் இந்தப் பொருளின் படிகக் கூடு கிட்டத்தட்ட அசைவதே இல்லை என்பதற்காகத்தானே இதை எல்லோரும் தேடி வாங்குகிறோம்? அப்புறம் அந்தப் படத்தில் சோடியம் இல்லாதது எப்படித் தெரியும்? நான் கேட்டது ஐசிபி (தனிமங்களின் அளவைக் காட்டும் சோதனை) அறிக்கை, சோடியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம். அது இருந்தால் ஒரே வரியில் விவகாரம் முடிந்துவிடும். தராமல் இருப்பதால்தான், அந்தச் சோதனையைச் செய்தீர்களா என்றே சந்தேகம் வருகிறது.

உங்கள் முந்தைய லாட்டை வைத்துத்தான் என் நல்ல முடிவுகள் எல்லாம் வந்தன. அந்த மரியாதையில் இப்போதும் தன்மையாகவே கேட்கிறேன். இந்த லாட்டின் ஐசிபி அறிக்கையை அனுப்புங்கள். ஃபெரோசயனைடில் செய்த சரியான பவுடரை உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள், முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதே லாட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். என்னைப் போலவே அவர்களும் தங்கள் கைத்திறமையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலும் உங்கள் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். டப்பா, லேபிள், மீதிப் பவுடர், கிராஃப் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்