மூலை மடித்துக் கொடுத்தவருக்கு நன்றி

63 வயதில் முதல் கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். சொந்தச் செலவு, 200 பிரதி. அதை ஒழுங்காக வரவைத்த பெண்ணின் பெயரைக்கூட கேட்டு வைக்கவில்லை, என் புத்தி அப்படி.

திருவல்லிக்கேணி சந்து ஒன்றில், புத்தகப் பக்கங்களைக் கணினியில் அமைத்துத் தரும் டிடிபி கடை. அங்கேதான் அவர் வேலை பார்த்தார். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்ததை, இப்போது எல்லாக் கணினியிலும் புழங்கும் யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் திசைக்கொன்றாகக் கிடந்தன. 70 பக்கத்தையும் பொறுமையாகச் சரிசெய்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "ஐயா, ஒரே தாள்ல அச்சடிச்சு மடிக்கிற ஃபாரத்துக்கு 16 பக்கம். 64 பக்கம்னா நாலு ஃபாரத்துல முடிஞ்சிடும். மிச்ச ஆறு பக்கத்துக்கு இன்னொரு ஃபாரமா?" என்றார். எதை எடுக்கலாம் என்று கேட்டேன். பதில் இல்லை. பிழை பார்க்கத் தந்த புரூஃப் தாள்களில் மூன்று கவிதைகளின் மூலை மட்டும் மடங்கியிருந்தது.

வீட்டில் வாசித்துப் பார்த்தேன். மூன்றும் பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில் எழுதியவை. கவிதையே இல்லை, புகார் மனு!

ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் வாங்க வேறு ஒருவர் என்னிடம் பணம் கேட்டிருந்தார். "அது அரசாங்கமே இலவசமா தருது ஐயா" என்று இந்தப் பெண்தான் விண்ணப்பமும் போட்டுத் தந்தார்.

போன வாரம் புத்தகத்தோடு போனேன். வேலையை விட்டுவிட்டாராம். நன்றி அம்மா. உங்கள் பிரதி என் மேஜையில்தான் இருக்கிறது, மூலை மடங்காமல்.