ஓலையைக் காதில் விழும்படி வாசியுங்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தையர்களுக்கு, தோத்திரம்.

ஞாயிறு பூசை முடிகிற நேரத்தில், அன்பியக் கூட்ட அறிவிப்புக்கும் அசன அறிவிப்புக்கும் நடுவே கல்யாண ஓலை, அதாவது இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு, வாசிக்கப்படுகிறது. பாதிப் பேர் அதற்குள் செருப்பைத் தேடப் போய்விடுகிறார்கள். “தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்” என்ற வரியைக் காதில் வாங்குவோர் ஓரிருவர்தான். அவர்களும் அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த அறிவிப்பைத் திருச்சபை முழுவதற்கும் சட்டமாக்கியது, 1215இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் உரோமையில் ஆயர்களைக் கூட்டி நடத்திய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் 51ஆம் விதி. அன்றைக்கு ஆணும் பெண்ணும் தங்களுக்குள் சம்மதம் சொல்லிக்கொண்டாலே திருமணம் செல்லும். சாமியாரும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். பிறகு அவன் இல்லையென்று சாதித்தால் அவள் எதைக் காட்டுவாள்? வீட்டில் மனைவி இருக்க, வேறூரில் போய் இன்னொருத்தியைக் கட்டினாலும் கேட்பாரில்லை. அதனால்தான் கோயிலில் முன்கூட்டியே அறிவி, தடை தெரிந்தவர் சொல்ல அவகாசம் கொடு, நீயும் விசாரி என்று குருவுக்குக் கட்டளை வந்தது. மூன்று முறை ஓலை வாசிக்க வேண்டும் என்பது பொதுச் சட்டமானது 1563இல், பின்னர் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில்.

எது தடை? ஏற்கெனவே உள்ள திருமணக் கட்டு, குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு, நெருங்கிய இரத்த உறவு போன்றவை. ஏழு தலைமுறை வரை நீண்டிருந்த உறவுத் தடையை இலாத்தரன் சங்கத்தின் 50ஆம் விதி நான்காகக் குறைத்தது. உடம்பில் நான்கு வகை நீர்மங்கள் இருக்கின்றனவாம், அதனால் நான்கு! காரணம் போனாலும் தடை முழுக்கப் போகவில்லை. அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்ட இன்றும் ஆயரிடம் விலக்கு வாங்குகிறோமே, அது இந்த வழியில் வந்ததுதான்.

சாதி அந்தப் பட்டியலில் இல்லை. பங்காளிச் சண்டை இல்லை. பெண்ணைப் பற்றிய ஊர்ப்பேச்சும் இல்லை. ஓலை வாசித்த வாரம் பங்கு இல்லத்துக்கு வரும் மொட்டைக் கடுதாசிகளில் இவை அல்லாமல் வேறென்ன இருக்கிறது? வன்மத்தில் பொய்த்தடை சொல்பவருக்குத் திருச்சபைத் தண்டனை உண்டு என்றும் அந்த 51ஆம் விதி சொல்கிறது. இந்தப் பாதியை எந்தப் பீடத்திலிருந்தும் நான் கேட்டதில்லை.

மறையுரை முடிந்ததும், ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே, ஓலையை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். எது தடை, எது தடையல்ல என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரில்லாத கடிதத்துக்காக மணநாளைத் தள்ளிவைக்காதீர்கள். சொல்ல வேண்டியவர் நேரில் வந்து, பெயரைச் சொல்லிச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருத்தி