புளி போட்டுத் தேய்த்த அரை வில்லை

பெர்லின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

எட்டு மாதமாக என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. முட்டி வலி, பேத்தி பிறந்தது, வீடு மாற்றியது என்று சாக்கு நிறைய இருக்கிறது. ஆனால் இங்கே ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வரட்டும், நீ அனுப்பிய அந்த ஜெர்மன் சிப்பாயின் பாதி அடையாள வில்லையைப் பற்றிச் சேர்த்தே எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்புறமும் எழுதவில்லை பார், அதற்குத்தான் மன்னிப்பு. அம்மாவுக்கு என் வணக்கம் சொல். பாலு இன்னும் சீட்டு நடத்துகிறானா? கேட்டால் நான் செத்துவிட்டதாகவே சொல்லி வை.

முதலில் சண்டையைத் தீர்த்துக்கொள்வோம். அதைப் புளி போட்டுத் தேய்த்தது யாரடா? குத்துவிளக்கா அது? துத்தநாகம். புளி பட்டால் அரித்துவிடும். பாதி எழுத்து மழுங்கிப்போய், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் படித்தேன். 3-ஆ 8-ஆ என்று என் மகளோடு பந்தயம் கட்டித் தோற்றேன்.

போலியாக இருக்கட்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். இங்கே பழம்பொருள் சந்தைகளில் புதுத் தகட்டில் எழுத்தடித்து, மண்ணில் புதைத்து எடுத்து, ‘போர்க்களத்தில் கிடைத்தது’ என்று விற்பார்கள். ஜெர்மன் தளபதி ரோமலுடையது என்று நீ மூர் மார்க்கெட்டில் வாங்கிய பைனாகுலர் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. அசல்.

உன் கண்ணாடிப் பெட்டியில் வில்லைக்குப் பக்கத்தில் வைக்க நீ எழுதி அனுப்பிய லேபிள் வாசகத்தில் இரண்டு தப்பு. பெயரை நானே படித்து நிரப்ப வேண்டும் என்று இடம் விட்டிருக்கிறாய். அதில் பெயரே கிடையாது. முதல் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் வில்லையில் பொறித்தார்கள். இரண்டாம் போரில் பட்டாளத்தின் சுருக்கப் பெயர், பட்டியல் எண், ரத்த வகை, அவ்வளவுதான். இரண்டாவது தப்பு, இத்தாலியில் நடந்த காசினோ மலைப் போரை வைத்து ‘காசினோவில் போரிட்ட பட்டாளம்’ என்று நீ எழுதியது. பொதுவாக வில்லையில் இருப்பது ஆளை முதலில் சேர்த்துப் பயிற்சி கொடுத்த பட்டாளம். அதற்குப் பிறகு அவன் எங்கெங்கோ மாறியிருப்பான், கழுத்தில் தொங்குவது மாறாது.

எண்ணிலிருந்து பெயருக்குப் போக ஒரே வழி பட்டியல்தான். யாருக்கு எந்த வில்லை கொடுத்தோம், யார் வந்தான், யார் போனான் என்று ஒவ்வொரு படைப்பிரிவும் பெர்லினுக்கு எழுதி அனுப்பியது. அதற்காகவே 1939 ஆகஸ்டில், போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, ஒரு அலுவலகம் திறந்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து 1943-ல் நடு ஜெர்மனியில் இருக்கும் துரிங்கியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனதால் காகிதங்கள் பிழைத்தன. 2019-லிருந்து ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கையில் இருக்கிறது. ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல் அட்டைகள். வைத்திருந்த கட்டடம் எது தெரியுமா? பழைய ஆயுதத் தொழிற்சாலை. படிவம் நிரப்பி, வில்லையை இரு பக்கமும் படமெடுத்து அனுப்பினேன்.

காத்திருந்த மாதங்களில்தான் எனக்கு உறைத்தது. முழு வில்லை முட்டை வடிவம், குறுக்கே மூன்று வெட்டு. மேல் பாதியில் கயிறு கோர்க்க இரண்டு ஓட்டை, கீழ்ப் பாதியில் ஒன்று. இரண்டிலும் ஒரே எழுத்து. ஆள் செத்தால் கீழ்ப் பாதியை ஒடித்து பெர்லினுக்கு அனுப்ப வேண்டும். மேல் பாதி உடம்போடு குழிக்குள் போக வேண்டும், பின்னால் தோண்டினால் இவன் இன்னான் என்று தெரிய.

உன்னுடையதில் இரண்டு ஓட்டை.

பதிலும் அதையே சொன்னது. கீழ்ப் பாதி ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. 1944 பிப்ரவரி, காசினோ, வயது 19. வீட்டுக்குச் செய்தியும் போயிருக்கும். கல்லறை இருக்குமிடம் தெரியவில்லை. காசினோவுக்குப் பக்கத்தில் கைரா என்ற ஊரில் ஜெர்மன் போர்க் கல்லறை இருக்கிறது, இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். பெயர் தெரியாதவர்களுக்கு ‘ஒரு ஜெர்மன் சிப்பாய்’ என்று மட்டும் பொறிப்பார்கள். அப்படி ஒரு கல்லின் கீழ் அவன் இருக்கலாம். அவனுக்கும் பெயருக்கும் நடுவில் இருந்த ஒரே சாமான் வேலூரில் உன் வீட்டில் இருந்திருக்கிறது.

உன் அப்பா, சுபேதார் மாமா, அறுத்தெடுத்தார் என்று நான் சொல்லவில்லை சுந்தரம். அந்த மலையை பீரங்கி மாதக்கணக்கில் உழுதது. புதைத்தது வெளியே வந்திருக்கும், வில்லை கல்லிடுக்கில் தனியே கிடந்திருக்கும். மாமாவின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர்கள் நான்காம் இந்திய டிவிஷனோடு அங்கே இருந்தார்கள். கண்ணிவெடி எடுப்பதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை, தரையைப் பார்த்தே நடந்தவர்கள். எனக்குக் குத்துவது வேறு. மாமா கழுத்திலும் இரண்டு வில்லை இருந்திருக்கும். சிவப்பு வட்டத்தை எடுத்துக்கொண்டு பச்சை எண்கோணத்தை உடம்போடு விட வேண்டும் என்பதுதான் பிரிட்டிஷ் பக்கத்து விதி. எந்தப் பாதி யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

இன்னொன்று. எழுத்துப் பள்ளங்களைக் குச்சியால் சுரண்டியபோது சிவப்பாக ஏதோ உதிர்ந்தது. துரு என்று நினைத்தேன். துத்தநாகத்தில் ஏது சிவப்புத் துரு? முகர்ந்து பார்த்தேன். குங்குமம்.

மெடல்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன, இது மட்டும் பூஜை சாமான்களோடு கிடந்தது என்று நீ எழுதியிருந்தாய். நானும் அப்போது கவனிக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்தது நீ இல்லையோ? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு விளக்கோடு சேர்த்து யாரோ தேய்த்துப் பொட்டு வைத்திருக்கிறார்களோ? மேலே நான் திட்டியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், கிடக்கட்டும்.

அம்மாவைக் கேள். இந்த மாதமே கேள், 88 வயதில் நல்ல நாள் கெட்ட நாள் இருக்கும். அப்பா இதைப் பற்றி என்ன சொன்னார், எந்த இடத்தில் எடுத்தது, மலையிலா ஆற்றோரமா, பக்கத்தில் மலை உச்சி மடம் தெரிந்ததா என்று கேள். நமக்கு அவர் சொன்னதெல்லாம் ‘மலையில ரோடு போட்டோம், குளிர்டா’ மட்டும்தான். ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் சங்கம் ஒன்று 1919-லிருந்து இருக்கிறது. எந்த உடலை எங்கே தோண்டி எடுத்தார்கள் என்ற குறிப்போடு நாம் சொல்லும் இடம் பொருந்தினால் ஏதாவது செய்ய முடியலாம். முடியாமலும் போகலாம்.

பெயர் என்னிடம் இருக்கிறது. இதில் எழுதவில்லை. எழுதினால் மறுநாளே லேபிள் அடித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? வில்லை என் மேஜை டிராயரில் பருத்தித் துணியில் சுற்றி இருக்கிறது. நீ அம்மாவிடம் கேட்டு எழுதும்வரை திருப்பி அனுப்ப மாட்டேன். கண்ணாடிப் பெட்டியில் அந்த இடம் காலியாகத் தெரிந்தால் பைனாகுலரைக் கொஞ்சம் நகர்த்தி வை.

உன்,
ராஜு