சீஃப் என்றால் என்ன வேலை?

கிளீவ்லாந்து, அமெரிக்கா,
ஜூன் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் சர்க்கரை அளவு எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பதற்கு மேல் அம்மா வாய் திறப்பதில்லை.

"சீஃப் ஆகிட்டியாமே, உன் கைக்குக் கீழே எத்தனை பேர்?" என்று கேட்டீர்கள். அதற்கு போனில் பதில் சொல்லி முடியாது. இங்கே மெடிசின் டிபார்ட்மென்ட் இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று பல பிரிவுகளாக இருக்கும். அதில் சிறுநீரகப் பிரிவு ஜூலை 1 முதல் என் பொறுப்பு. எனக்கு மேலே சேர் என்று சொல்லப்படும் டிபார்ட்மென்ட் தலைவர், அவருக்கு மேலே டீன். சீனியாரிட்டி பட்டியலில் அடுத்த பெயர் என்று இந்த நாற்காலி வருவதில்லை. விண்ணப்பம் போட்டு, கமிட்டி முன்னால் உட்கார்ந்து, பிரிவை எங்கே கொண்டுபோவாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னைவிட மூத்தவர்கள் இதே பிரிவில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்கு டயாலிசிஸ் கற்றுக்கொடுத்தவர். அவர் அறைக்குள் வந்தால் இன்றைக்கும் சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறேன். "சீஃப், உட்காருங்கள்" என்று அவர் கேலி செய்கிறார்.

இந்த வேலையை நான் பழகியது, ரெசிடென்ஸி என்ற டாக்டர் பயிற்சி முடிந்த கையோடு ஒரு வருஷம் சீஃப் ரெசிடென்டாக இருந்தபோது. அந்தப் பெயரைக் கேட்டு நீங்கள் தெரு முழுக்கச் சொன்னீர்கள். உண்மையில் அது பெரும்பாலும் டியூட்டி பட்டியல் போடுகிற வேலை. 2003 முதல் இங்கே பயிற்சி டாக்டர்களை வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவு டியூட்டி, ஐசியூ, கிளினிக் எல்லாவற்றையும் அதற்குள் எக்ஸெல் கட்டங்களில் அடைக்க வேண்டும். டிசம்பர் வந்தால்தான் ரகளை. புதிதாகக் கல்யாணமானவன், கைக்குழந்தைக்காரி, ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்து கேட்பவன். அப்போது ஒரு பாகிஸ்தான் பையன் தானாகவே வந்து, "கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன், ரம்ஜானுக்கு மட்டும் விட்டுவிடுங்கள்" என்றான். அதற்கப்புறம் ஆளுக்கு எந்த நாள் முக்கியம் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் பட்டியலில் கை வைப்பேன். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிட்டது. பொங்கலை யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அசிஸ்டன்ட் புரொஃபசர் காலம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். இளம் டாக்டர்களுக்குக் கே-23 என்று ஒரு நிதி தருகிறது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் என்னால் அதற்கு விண்ணப்பிக்கவே முடிந்தது. அது கிடைத்தால் வேலை நேரத்தில் முக்கால் பங்கு ஆராய்ச்சிக்கு. அதெல்லாம் காகிதத்தில். வார்டில் யாராவது லீவு போட்டால் முதலில் பறிபோவது அந்த முக்கால் பங்குதான். அப்போது எங்கள் சீஃபாக இருந்த அம்மையார், "ஆராய்ச்சி நாளில் அவளைக் கூப்பிடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்" என்று வார்டில் சொல்லி வைத்திருந்தார். கூப்பிட்டால் அவரே ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார். அந்த வயதில், அந்தப் பதவியில்! என் முதல் கட்டுரைகள் வெளிவந்ததே அப்படித்தான். எத்தனை பேர் கைக்குக் கீழே என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. என் பிரிவிலும் இப்போது இரண்டு இளையவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நேரத்துக்கு நான்தான் காவல்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கிய வில்லெம் கோல்ஃபும் என்னைப் போல இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்தான். நெதர்லாந்துக்காரர். ஜெர்மானியர் பிடியில் இருந்த காம்பன் என்ற ஊரில் 1943-ல், சாசேஜ் உறைக்கான செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி முதல் இயந்திரத்தைச் செய்தார். ஆரம்பத்தில் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945-ல்தான் ஒரு மூதாட்டி பிழைத்தார். போர் முடிந்ததும் இயந்திரங்களைப் பிற நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குச் சும்மாவே அனுப்பிவைத்துவிட்டு, 1950-ல் கிளீவ்லாந்து கிளினிக்கில் வந்து சேர்ந்தார். சிறுநீரக மருத்துவம் பயிலப் புதிதாக வரும் ஃபெலோக்களுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். அவர்களிலும் பாதிப் பேர் கடல் தாண்டி வந்தவர்கள்.

சம்பளம் கொஞ்சம் கூடும். மீட்டிங் நிறையக் கூடும். பட்ஜெட் கணக்கு பார்க்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், நீங்கள் கூட்டுறவு பேங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போது புரிகிறது. ஆனாலும் வருஷத்தில் சில வாரம் வார்டு எனக்கு வேண்டும் என்று சேரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார்.

டிசம்பரில் வர முடியாது அப்பா. முதல் வருஷமே சீஃப் கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டால் நன்றாக இருக்காது. பொங்கலுக்கு வருகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்