இருக்கை எண்ணிக்கையை வைத்து அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம்) ஸ்டேடியங்களைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் ஆசையோடு படித்தேன். ஆனால் ஸ்டேடியங்களை இருக்கை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திவிட்டு, முதல் ஐந்தைப் பார்த்தால் போதும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அயோவாவில் வசிப்பவன். இலையுதிர்காலம் வந்தால் சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்க்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஓர் ஊரின் ஸ்டேடியத்தில் மட்டுமே கிடைக்கிற ஏதாவது ஒன்றுதான் ரசிகரை அங்கே திரும்பத் திரும்ப வரவழைக்கிறது. அது எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கில் தெரியாது.

பட்டியலில் முதலிடம் பெற்ற மிச்சிகன் ஸ்டேடியத்தைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1927-ல் திறந்த அந்த இடத்தில் 1,07,601 பேர் அமரலாம். பெரும்பகுதியைத் தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியிருப்பதால் தெருவிலிருந்து பார்த்தால் அதன் அளவு தெரியாது. வாசலைத் தாண்டி உள்ளே போனதும் மொத்தக் கூட்டமும் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும். அதற்காகவே ஒரு முறை போகலாம். ஆனால் பார்வையாளர் வரிசைகளின் சரிவு குறைவு என்பதால் கூட்டத்தின் சத்தம் வானத்துக்குப் போய்விடும் என்பது பழைய குறை. 2010-ல் இருபுறமும் உயரமான பகுதிகளை எழுப்பிய பிறகுதான் அது கொஞ்சம் சரியானது. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்ஸன் ஸ்டேடியத்தில் இருக்கைகள் சுமார் 54,000தான், மிச்சிகனில் பாதி. ஆனால் செங்குத்தான வரிசைகள் ஆடுகளத்தை ஒட்டியே இருப்பதால் காது அடைத்துவிடும்.

சத்தம் ஏன் முக்கியம் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறை பந்து நகர்வதற்கு முன்பும் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரர், தன் அணிக்குக் குரல் கொடுக்க வேண்டும். அது கேட்காவிட்டால் அணியில் யாராவது முந்தி நகர்வார், அபராதமாக ஐந்து கஜம் பின்னால் போக வேண்டும். அதனால்தான் எதிரணியிடம் பந்து இருக்கும்போது கூட்டம் கத்துகிறது, சொந்த அணியிடம் வந்ததும் அடங்குகிறது. டிக்கெட் வாங்கி வந்தவரும் ஆட்டத்தில் ஒரு ஆள்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டைகர் ஸ்டேடியத்துக்குக் கட்டுரையாளர் ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார். 1988 அக்டோபரில் ஆபர்ன் அணியோடு நடந்த இரவு ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் லூசியானா டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) அடித்தபோது எழுந்த ஆரவாரத்தை அந்தப் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கமானியே பதிவு செய்தது. ஆட்டம் 7-6 என்று முடிந்தது. அந்த ஸ்டேடியத்தில் இன்னொரு அழகும் உண்டு. 1930-களில் மாணவர் விடுதிக்கான பணத்தைக் கொண்டு, பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் அறைகளை வைத்தே ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினார்கள். மாணவர்கள் பல ஆண்டுகள் அங்கே குடியிருந்தார்கள்.

தண்ணீர் ஓரத்து ஸ்டேடியங்களும் விட்டுப்போயிருக்கின்றன. டென்னஸி ஆற்றில் நேலண்ட் ஸ்டேடியத்துக்கும், வாஷிங்டன் ஏரியில் ஹஸ்கி ஸ்டேடியத்துக்கும் ரசிகர்கள் படகிலேயே வந்து, படகிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போவார்கள்.

அப்புறம் ஹார்வர்ட். 1903-ல் காங்கிரீட்டில் எழுப்பிய குதிரைலாட வடிவ ஸ்டேடியம் அது. 1905 பருவத்தில் ஆட்டக்காரர்கள் பலர் இறந்துபோய், ஃபுட்பாலையே தடை செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. நெரிசல் குறைந்தால் உயிர்ச்சேதம் குறையும் என்பதால் ஆடுகளத்தை அகலமாக்கலாம் என்று யோசனை வந்தது. ஹார்வர்டின் காங்கிரீட் வரிசைகளோ களத்தை ஒட்டியே நின்றன, அகலமாக்க இடமில்லை. எனவே வேறு வழி பார்த்தார்கள். 1906-ல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். இன்று நாம் கண்கொட்டாமல் பார்க்கிற நீண்ட எறிதல்களுக்குப் பின்னால் அந்தக் காங்கிரீட் சுவருக்கும் பங்கு உண்டு. இன்று அங்கே இருக்கைகள் குறைவு என்பதால் கட்டுரையாளரின் பட்டியலில் அது கிட்டவே வராது.

எங்கள் ஊர் கினிக் ஸ்டேடியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம். 1939-ல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வென்று, 1943-ல் கடற்படை விமானப் பயிற்சியில் உயிரிழந்த நைல் கினிக்கின் பெயரைத் தாங்கிய இடம் அது. சுமார் 69,000 இருக்கைகள். தெருவுக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. அதன் மேல்தளத்து ஜன்னல்களிலிருந்து களம் தெரியும். 2017 முதல், ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்ததும் ஸ்டேடியம் முழுவதும் எழுந்து அந்த ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறது. எதிரணி ஆட்டக்காரர்களும் நடுவர்களும் சேர்ந்துதான் அசைக்கிறார்கள். மேலே, சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் பதிலுக்குக் கையாட்டுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். இதற்கு இணையாக ஒன்றை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பல ஸ்டேடியங்களில் இடைவேளைக்கு இடைவேளை ஒலிபெருக்கியில் பாட்டு அலறுகிறது. மாணவர் பேண்ட் வாசிப்பது காதில் விழுவதில்லை. பாட்டை எந்த மாலிலும் கேட்கலாம். ஒஹையோ ஸ்டேடியத்தில் பேண்ட் குழு களத்தில் நடந்தே மாநிலத்தின் பெயரைக் கையெழுத்தாக எழுதி, கடைசியில் ஒரு சூஸஃபோன் (உடலைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) கலைஞர் வந்து நின்று ஆங்கில ஐ எழுத்துக்குப் புள்ளி வைப்பதை அங்கேதான் பார்க்க முடியும். பெயரை இப்படி எழுதுவது 1936-லிருந்து வரும் வழக்கம். இப்படிப்பட்டவற்றை நிர்வாகங்கள் ஒலிபெருக்கிக்குப் பலி கொடுக்கக் கூடாது.

இங்கே படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க செப்டம்பர், அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோர் நிறைய. அவர்களுக்காக இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியை வெளியிட்டால், பிள்ளை படிக்கும் ஊரின் ஸ்டேடியத்துக்கே முதலில் போகச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போனால் பேண்ட் அணிவகுப்பு கிடைக்கும். பெரும்பாலான இடங்களில் உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
அயோவா சிட்டி